ஞாயிற்றுக்கிழமை இருநூற்றுப் பத்து

என் பொல்லாத அண்ணிக்கு,

உன் இரண்டாம் வருஷ நினைவு நாளுக்குப் பேப்பரில் போட்டோ போடலாம் என்று அண்ணன் சொன்னான். அவன் தேடி எடுத்து வந்தது உன் கம்பெனி அடையாள அட்டைப் படம். அதில் நீ எப்படி இருப்பாய் என்று உனக்கே தெரியும். ஃபிளாஷ் அடிக்கிற நேரத்தில் தும்மல் வந்து, அதை அடக்கிக்கொண்ட முகம். "இதப் போட்டா அண்ணி எழுந்து வந்து ஒதைக்கும்ண்ணா" என்றேன். படம் வேண்டாம், நான் ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே ஊரே படிக்கப்போகிறது. நீயும் படி.

ஊருக்கு முன்னால் உன்னை "வாங்க அண்ணி, போங்க அண்ணி" என்பேன். அடுப்படிக்குள் போய்விட்டால் "வா, போ"தான். "நாலு வயசு மூத்தவளுக்கு எதுக்கு இத்தன ங்க? மாமியாரக் கூப்படற மாதிரி இருக்குது" என்று அந்தச் சட்டத்தைப் போட்டவளே நீ. இந்தக் கடிதத்தை அடுப்படிச் சட்டப்படியே எழுதுகிறேன். படிக்கிற பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. பிசியோதெரபியில் முதுநிலைப் படிப்பு, முழுசாக இரண்டு வருஷம். அதுவும் ஒரு கல்லூரி இல்லை, இரண்டு. ஒன்று பெங்களூரில், இன்னொன்று கோயம்புத்தூரில். இரண்டும் ஒரே வாரத்தில் தபால் அனுப்பி, பத்து நாளுக்குள் வருகிறாயா இல்லையா சொல் என்று கேட்டன. நீ இருந்திருந்தால் தபால்காரரையே உட்காரவைத்து முட்டை தோசை போட்டிருப்பாய்.

எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போதே கேட்காதே. சினிமாவுக்குப் போனால் இடைவேளையிலேயே பக்கத்து சீட்டுக்காரியிடம் முடிவைக் கேட்கிறவள் நீ. இந்த ஒரு தடவையாவது வரிசையாகக் கேள்.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். அம்மாவும் அப்பாவும் கல்லாவி வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூருக்கே வந்துவிட்டார்கள். உன் மகள் ரேவதியைப் பார்த்துக்கொள்வதற்காக. கல்லாவியில் இருந்தவரை அம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. இப்போது பால்காரரிடம் தெலுங்கு, கீரைக்காரம்மாவிடம் கன்னடம். இரண்டு மொழியிலும் அவளுக்குத் தெரிந்த வாக்கியம் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் போடு. ரேவதிக்கு மேல்பல் இரண்டும் விழுந்துவிட்டன. இரண்டாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு டீச்சரின் பேச்சைத் திருத்துகிறாளாம். யாருடைய பெண் என்று கேட்கவே வேண்டாம்.

எனக்கு ஊரில் இன்னும் "கரண்ட் வைக்கிற பொண்ணு" என்றுதான் பெயர். பிசியோதெரபி என்று சொல்வதற்குள் இறங்குகிற ஸ்டாப் வந்துவிடும் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்த வேலைதான். இப்போது பாகலூர் ரோட்டில் ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில், இரண்டு கட்டிலும் ஒரு கரண்ட் பெட்டியும் உள்ள பின்னறை என் ராஜ்ஜியம். வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கம்பெனி ஆட்கள். முதுகு, தோள், விரல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் முழங்கை.

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் போனோமே, அந்த நாள். ஈரப் படியில் ஒய்யாரமாக நின்றுகொண்டு "இப்ப எடுங்க, இப்ப எடுங்க" என்று அண்ணனிடம் கத்தினாய். அவன் பட்டனை அமுக்குவதற்குள் விழுந்தாய். அந்தப் படத்தில் உன் ஒற்றைச் செருப்பு மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. இடது முழங்கை உடைந்து, மாவுக்கட்டு போட்டு, பிரித்தபோது கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை.

அப்போது நான் படிப்பை முடித்து பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெள்ளைக் கோட்டின் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. ஹாஸ்டலில் தங்கல், வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, அது திங்கட்கிழமை. உன் கைக்கு நானே பயிற்சி எழுதிக் கொடுத்து, பீரோ கதவில் ஒட்டினேன். தினம் மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை மடக்கி நீட்ட வேண்டும். "ஆய்த்து தாயி, ஆய்த்து" என்று உங்கள் ஊர் நாட்றாம்பாளையத்துக் கன்னடத்தில் சரி சரி எனத் தலையாட்டினாய்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாகைமானி மாதிரியான அந்த அளவு கருவியைத் தூக்கிக்கொண்டு வருவேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உன் முழங்கை வீங்கி, சிவந்து, போன வாரத்தைவிட மோசமாக இருக்கும். பயிற்சி செய்கிற கை இப்படி இருக்காது என்று எனக்கு முடிவாகிவிட்டது. "நீ செய்யறதே இல்ல அண்ணி. சோம்பேறி" என்றேன். "எல்லாம் செஞ்சேன் செல்வி. ஒன்னுகூட விடல" என்றாய். "பொய் வேற சொல்றியா?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போனாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கோபத்தைத்தான் மூட்டியது.

உன் கை கடைசிவரை நேராக நீளவே இல்லை. "பை மாட்டறதுக்கு வசதியா இருக்குது" என்று அதையும் ஒரு விளையாட்டாக்கினாய். மறு வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்தப் பதினோரு நாளைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

நீ போன பிறகு பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்கு வந்தேன். இந்தக் கிளினிக்கில் போன வருஷம் முனிராஜ் என்று ஒருவர் வந்தார். பிரஸ் மெஷினில் வேலை. வலது கையில் இரண்டு விரல் நசுங்கி, காயம் ஆறி, விரல்கள் விறைத்துப்போய் நின்றன. அவருக்கும் அதே சீட்டுதான் எழுதினேன். மூன்று வேளை, பத்து முறை. அடுத்த திங்கட்கிழமை கை பன் மாதிரி வீங்கி வந்தார். எனக்கு வழக்கமான கோபம் வந்தது.

"ஏங்க, ஒரு நாளாவது செஞ்சீங்களா?"

"என்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க? மொத்தமும் முடிச்சிட்டேன். நேத்து வீக் ஆஃபு. காலைல நூறு, சோறு தின்னுட்டு அறுபது, டிவில படம் பாத்துக்கிட்டே அம்பது. வாரத்துக்கு இருநூத்திப் பத்து. டார்கெட் ஓவர், பேலன்ஸ் ஜீரோ!"

"ஒரே நாள்லயா?"

"ஷிஃப்ட்டு நாள்ல எங்க மேடம் டைமு? எங்க கம்பெனில வாரக் கணக்குத்தான். முன்ன பின்ன ஆனாலும் கடைசில எண்ணிக்கை வந்துட்டா சூப்பர்வைசர் வாயே தொறக்க மாட்டாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கட்டிலில் படுத்திருந்த முதுகுவலிக்காரரும் வலியோடு சிரித்தார். ஏழு நாள் மருந்தை ஞாயிற்றுக்கிழமை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பாட்டில் காலி என்று பெருமையாகக் காட்டுகிற மனுஷன்! விறைத்த மூட்டை ஒரே நாளில் அத்தனை முறை போட்டு வதைத்தால் வீங்காமல் என்ன செய்யும்? இதை முனிராஜுக்கு விளக்கிக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டேன்.

உனக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே விடுமுறை. உன் ஒயர் கம்பெனியிலும் வாரக் கணக்குதானே. நான் வந்து பார்த்தது எல்லாம் திங்கட்கிழமைதானே.

அண்ணனிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். மூட்டைப் பற்றி நான்கு வருஷம் படித்தவளுக்கு ஒரு கேள்வி கேட்கத் தைரியமில்லை.

அதற்குப் பதிலாக வருகிறவர்களை எல்லாம் கேட்க ஆரம்பித்தேன். செஞ்சீங்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, "எப்போ செஞ்சீங்க?" தமிழ்க்காரரிடம் எப்பங்க, கன்னடக்காரரிடம் யாவாக, தெலுங்குக்காரரிடம் எப்புடு. பாதிப் பேருக்கு மேல் இதே கதை. ஒருத்தர் சனிக்கிழமை ராத்திரி அட்வான்ஸாகவே அடுத்த வாரத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார். இன்னொரு அம்மா, தன்னால் முடியாத நாளில் மருமகளைச் செய்யச் சொல்லி எண்ணிக்கையை ஈடுகட்டியிருந்தாள். ஒருவரும் சோம்பேறி இல்லை அண்ணி. எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்கார உழைப்பாளிகள்.

சீட்டை மாற்றி எழுதினேன். மூன்று வேளை என்பதை எடுத்துவிட்டு, முதல் டீ பெல்லுக்குப் பத்து, சாப்பாட்டு டப்பா கழுவினதும் பத்து, கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பத்து. கீழே பெரிய எழுத்தில்: விட்டது விட்டதுதான், சேர்த்துப் போடக்கூடாது. இரண்டு மாதத்தில் முனிராஜ் ஒரு பை மாம்பழத்தோடு வந்தார். நான் பழத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு வருத்தம். "முடிச்சப் பாருங்க மேடம், முடிச்ச! நானே போட்டது!" என்று பைக் கயிற்றை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதை அவிழ்க்க எனக்குத்தான் முடியவில்லை. கத்தரி வாங்கி வந்து வெட்டினோம்.

இந்தக் கேள்வியை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிடித்தது. ஷிஃப்ட்டில் வேலை செய்கிற உடம்புக்குப் பயிற்சியை எப்படிக் கொடுப்பது? அதற்குத்தான் இரண்டு கல்லூரிக்கு விண்ணப்பம்.

பெங்களூர் நேர்காணலுக்கு உன் மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். என்ன கட்டிடம் அண்ணி அது! விளையாட்டு வீரர்களுக்கான சிகிச்சை. ஓடுகிற பட்டை, பந்து போடுகிறவரின் தோளைப் படம் பிடிக்கிற கேமரா, சுவரெல்லாம் கோப்பைகள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன், பாராட்டினார்கள். முனிராஜ் கதையையும் சொன்னேன், நன்றாகச் சிரித்தார்கள். இரண்டாம் வருஷ ஆராய்ச்சிக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்றேன். அங்கே எல்லா ஆராய்ச்சியும் வீரர்களின் காலையும் தோளையும் பற்றித்தான், அதற்கென்றே அமைத்த ஆய்வுக்கூடம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அதில் தப்பே இல்லை. கிரிக்கெட்காரரின் முட்டியும் முட்டிதானே.

கோயம்புத்தூரில் மின்விசிறிகூடச் சத்தம் போட்டது. புதிதாகத் தொடங்கிய படிப்பு, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில இடங்கள்தான். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். முனிராஜ் கதையைச் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். அப்புறம் ஒருவர் "பத்து முறைங்கறதே தப்புங்க" என்றார். இன்னொருவர் "எண்ணிக்கையில தப்பில்ல சார், வேளையிலதான்" என்றார். மூன்றாவதாக உட்கார்ந்திருந்த அம்மா "ரெண்டும் இல்லீங்க, நாம அவங்க நாளைப் பாக்கவே இல்ல" என்று மேசையைத் தட்டினார். பிறகு மூவரும் என்னை மறந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். டீ வந்தது, குடித்துக்கொண்டே போட்டார்கள். நானும் இரண்டு தடவை உள்ளே புகுந்து கத்தினேன். வெளியே வந்த பிறகுதான், நேர்காணலுக்கு வந்தவள் இப்படிக் கத்தியிருக்கக் கூடாதே என்று உறைத்தது. ஆனாலும் அத்தனை சந்தோஷமாக நான் எந்த அறையிலிருந்தும் வெளியே வந்ததில்லை.

இரண்டு கடிதமும் வந்ததும் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. பெங்களூர் என்றால் விடிகாலை பஸ்ஸில் போய் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வந்துவிடலாம். அப்பாவுக்கு அதுவே போதும். அம்மா, கோயம்புத்தூரில் படித்தால் கோயம்புத்தூர் மாப்பிள்ளையாகப் பார்க்க வேண்டி வரும், அவர்கள் சாம்பாரில் இனிப்புப் போடுவார்கள் என்று எங்கோ கேட்ட கதையைச் சொன்னாள். ரேவதி, எந்த ஊரில் கிரிக்கெட்காரர்கள் வருவார்கள் என்று மட்டும் கேட்டு, தன் ஓட்டைப் பெங்களூருக்குப் போட்டாள்.

எல்லோரும் எழுந்து போன பிறகு அண்ணன் என்னிடம் வந்தான்.

"பாப்பா, ஒன்ன நான் தடுக்கலம்மா. ஆனா நீ ரெண்டு வருசம் அங்க போயிட்டா இந்தப் புள்ளைக்கு யாரு? தல சீவறதுல இருந்து எல்லாம் நீதான்னு பழகிடுச்சு. அம்மாவால எவ்ளோதான் முடியும்? பெங்களூர்னா ராத்திரிக்காவது வீட்ல இருப்ப."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. உன் பெண்ணை விட்டுவிட்டு நான் எங்கே போவது? பெங்களூருக்கே எழுதிவிடலாம் என்று பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் எதற்காகக் கோயம்புத்தூர் என்று அவனுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. முனிராஜ் கதையை முழுக்கச் சொன்னேன். டீ பெல், வாரக் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். அண்ணன் சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் முகம் மாறிக்கொண்டே போனது.

"ஒரே நாள்ல செஞ்சா வீங்குமா?"

"வீங்கும்ண்ணா."

"கை நேராவாதா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம செய்வா. கொழாயடில ஒக்காந்துக்குவா. நான் பக்கத்துல மொபெட்டக் கழுவிக்கிட்டே எண்ணுவேன். நூத்தி நாப்பது, நூத்தி அம்பதுன்னு. வலிக்குதுன்னு கண்ணுல தண்ணி வந்துரும். போதும் வுடு மாதம்மான்னா வுட மாட்டா. நாளைக்கு டாக்டரம்மா வந்து திட்டுவாங்கம்பா."

அண்ணி, அந்த டாக்டரம்மா நான்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். நீ போன அன்றுகூட நாங்கள் இப்படிச் சேர்ந்து அழவில்லை. நடுவில் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கூடவே நீயும் எண்ணி, நடுநடுவே விளையாட்டுக்குப் பத்து பத்தாக விழுங்குவாயாம், அவன் கண்டுபிடித்து விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணவைப்பானாம். "நான் வுட்டுருந்தா அவ கை கொஞ்சமாவது நேராயிருக்கும் போல" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுதுகொண்டே சிரித்தோம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்ன வந்தது என்று திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்தான். சீப்பையும் ரிப்பனையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். "ரெட்ட சடை எப்படிப் போடறதுன்னு சொல்லிக்குடு. நீ கோயம்புத்தூருக்கே எழுது" என்றான்.

அவ்வளவுதான். கோயம்புத்தூர்! போதுமா? மறுநாளே பதில் போட்டேன். பெங்களூருக்கும் நன்றி சொல்லி எழுதினேன். அந்த இடத்துக்குக் காத்திருக்கிற யாரோ ஒரு பெண் இன்றைக்கு வீட்டில் குதித்துக்கொண்டிருப்பாள், நல்லா இருக்கட்டும். அண்ணன் தினமும் பழகுகிறான். முதல் நாள் ரேவதி ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்திலுமாகப் பள்ளிக்கூடம் போனாள். "அப்பா, இது ரெண்டும் வேற வேற ஊரு சடையா?" என்று கேட்டாளாம். மாதம் ஒருமுறை நான் வருவேன், வாரம் ஒருமுறை எதிர்வீட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வேன் என்று அவளுக்கும் எனக்கும் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அழுதாள்தான். நானும்தான். ஆனாலும் பெட்டியில் என் துணிகளை மடித்து வைப்பவளும் அவளே.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். அதற்கு முன்னால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். இனி என் முன்னால் வந்து உட்காருகிற யாருடைய நாளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவர் கையைத் தொட மாட்டேன். இரண்டு வருஷம் முடித்ததும் இதே ஓசூருக்கு வருவேன், இதே கம்பெனி ஆட்களுக்கு வேலை செய்வேன். ரேவதி தன் அம்மாவைப் பற்றிக் கேட்கும்போது, செருப்புப் படத்தையும் காட்டுவேன், ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. நான் உன்னைத் திட்டியது வீட்டுக்குள் இல்லை அண்ணி, வாசலில் நின்றுகொண்டு. தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள். நீ முதலில் தலையைக் குனிந்துகொண்டாய், அப்புறம்தான் சிரித்தாய். இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைத்துப் படிக்காமல் ஊர் படிக்க அச்சில் கொடுப்பது அதற்காகத்தான். எங்கள் தெருக்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: என் அண்ணி மாதம்மாள் ஒரு நாளும் சோம்பேறியாக இருந்ததில்லை, ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. தப்பு என்னுடையது.

உன்னைத் திட்டிய வாயாலேயே உன் பெருமையைச் சொல்லித் திரிகிற,
உன் நாத்தனார்
செல்வி